சந்தேகமில்லாமல் என்று எழுதியவன்

பிரெஞ்சில் ‘சான் தூத்’ என்று ஒன்று சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சந்தேகமில்லாமல்’ என்று பொருள். ஆனால் பாரிஸின் லா சப்பலில் நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு இயந்திரம் திருத்த வருபவர் ‘வியாழன் வருவேன், சான் தூத்’ என்றால், வந்தாலும் வரலாம், வராமலும் விடலாம். ‘அநேகமாக’ என்பதுதான் அதன் உண்மையான பொருள். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வியாழக்கிழமைகள் வீணாகின. ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

சில தெருக்களைக் கார்களுக்கு மூடி மரம் நடலாமா என்று நகரசபை பாரிஸ் மக்களிடையே வாக்கெடுப்பு அறிவித்தது. எந்தெந்தத் தெரு என்பது பிறகுதான் முடிவாகும். எங்கள் தெருவில் இரண்டு பலசரக்குக் கடை வைத்திருக்கும் பாலன் அண்ணை, மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு விளக்கக் கூட்டத்துக்குப் போனார். எங்கள் தெருவும் மூடப்படுமா என்று கேட்டேன். “எதுவும் முடிவாகவில்லை, மிஸியூ. பட்டியலில் கடைத்தெருக்கள் சிலவும் இருக்கும், சான் தூத்” என்றார் அங்கிருந்த இளம் பெண் அதிகாரி.

“என்னவாம்?” என்றார் பாலன் அண்ணை.

“இன்னும் முடிவெடுக்கேல்லையாம்.”

“முடிவெடுக்கேல்லை எண்டால் எடுத்திட்டாங்கள் எண்டுதான் அர்த்தம். இது விளங்காமலே ஊரிலையிருந்து தப்பி வந்தனீர்?”

எனக்கு உறைத்தது. ஊரில் வானொலி ‘மக்கள் வெளியேறத் தேவையில்லை’ என்றால் நாங்கள் மூட்டை கட்டினோம். சைக்கிளில் போனவன் ‘ஆமி வாறான்’ என்று கத்தியதை நம்பி ஓடியவர்கள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். ஆதாரம் கேட்டு நின்ற பக்கத்து வீட்டு வாத்தியார் இல்லை. அந்தப் பழக்கத்தோடுதான் விமானம் ஏறினோம். ஊரில் கத்தியவனும் எங்களோடு சேர்ந்து ஓடினான். இங்கே கத்துகிறவன் தன் கடையிலேயே இருக்கிறான். அந்த வித்தியாசத்தை நாங்கள் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரமே, ‘இல்லை’ என்று வாக்களிக்கக் கேட்கும் துண்டுப்பிரசுரம் எங்கள் அச்சகத்தில் தயாரானது. ‘எங்கள் தெருவும் மூடப்படலாம் என அஞ்சுகிறோம்’ என்று முதலில் தட்டினேன். பாலன் அண்ணை திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

“அஞ்சிக்கொண்டிருந்தால் ஆர் வோட் போடப் போவினம்? அந்தப் பெட்டை சொன்னதை அப்பிடியே போடும். சான் தூத் எண்டவள்தானே?”

‘எங்கள் தெரு சந்தேகமில்லாமல் மூடப்படும் என நகரசபை அதிகாரியே தெரிவித்தார்’ என்று மாற்றினேன். அச்சில் பார்த்தபோது வசனம் கம்பீரமாக இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் எதிர்ப்பக்கத் தையற்கடை வசந்தா அக்கா அந்தத் தாளோடு வந்தார். அவருக்கு இந்த நாட்டில் குடியுரிமை இல்லை, வாக்கும் இல்லை. அந்தத் தாள் அவருக்குக் கொடுக்கக்கூடியது பயம் மட்டும்தான்.

“தம்பி, உண்மையோ? கலியாணச் சேலைக்காரர் முழுக்கக் காரிலைதான் வருகினம்.”

“அப்பிடித்தான் கதைக்கினம், அக்கா” என்றேன்.

வாக்கெடுப்பில் ‘ஆம்’ வென்றது. கடையின் வாடகை ஒப்பந்தம் முடிந்தபோது வசந்தா அக்கா அதைப் புதுப்பிக்கவில்லை. சில மாதங்கள் கழித்துத் தெருக்களின் பட்டியல் வந்தது. எங்கள் தெரு அதில் இல்லை. அதற்குள் தையற்கடை இருந்த இடம் பாலன் அண்ணையின் மூன்றாவது கடையாகியிருந்தது. அவர் முன்கூட்டியே திட்டமிட்டாரா? அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அது என் ஊகம். அந்த வசனத்தை எழுதியது நான் என்பது ஊகமல்ல.

போன மாதம் மனைவியின் சட்டைத் துணியோடு பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸிலுள்ள வசந்தா அக்கா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியைத் தையல் இயந்திரம் பிடித்திருந்தது. மறுபாதியில் எனக்குச் சோறு போட்டார். சாப்பிட்டு முடித்ததும், அந்த வசனத்தை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும். தாளின்ரை அடியிலை உங்கடை அச்சகத்தின்ரை பேர் கிடந்தது” என்றார் நூலைப் பல்லால் கடித்தபடி. “நல்ல தமிழிலை வடிவா எழுதியிருந்தீர். அதாலைதான் நம்பினன்.”

வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பதாகக் கட்டடத்தின் மின்தூக்கியில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார். பேனாவை எடுத்து ‘இங்கு’ என்று தொடங்கினேன்.

“தமிழ் வேண்டாம், தம்பி. பிரெஞ்சிலை எழுதும்.”

இருபது வருடங்களாகத் தமிழ் எழுத்துக் கோத்துப் பிழைப்பவன், பிழை விழுந்துவிடுமோ என்று பயந்து பயந்து நாலு வரி பிரெஞ்சு எழுதிக் கொடுத்தேன். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத வசந்தா அக்கா, அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.