தேத்தண்ணி குடுக்காதேங்கோ என்ற றெஜினா அக்கா

ஒரு வீட்டில் பராமரிப்பு வேலையை முடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போகக் காரில் ஏறியபோதுதான் றெஜினா அக்காவின் மகன் கோபன்ஹேகனிலிருந்து தொலைபேசி எடுத்தான். என்னோடு எப்போதும் டேனிஷில் கதைக்கிறவன் அன்று காலை தமிழில் சொன்னான்.

"அன்ரி, அம்மா செத்துப்போனா. குளிக்கேக்கை விழுந்திட்டா."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்த ஊர் முதியவர்களைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று நகரசபையில் எட்டு வருடம் சண்டை பிடித்த மனுஷி, தன் குளியலறையில் தனியாக விழுந்து இறந்திருக்கிறார். இதை எழுதும்போதும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். றெஜினா அக்கா மன்னாரில் பிறந்தவர். டென்மார்க்கில், யூலாந்தின் இந்தச் சிறு நகரத்துக்கு வந்து, இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே இரண்டு தடவை நகரசபைக்குத் தெரிவானார். சபைக் கூட்டத்துக்கு முன்பு கட்டுக்கட்டாக வரும் பத்திரங்களைப் பாதி உறுப்பினர்கள் திறப்பதே இல்லை. அக்கா தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் மஞ்சள் பேனையால் கோடு கீறிக் கீறி எல்லாவற்றையும் வாசிப்பார். "கள்ளம் எல்லாம் கடைசிப் பக்கத்திலைதான் பிள்ளை இருக்கும். முன்பக்கத்திலை சிரிக்கிற கிழவியின்ரை படம் போட்டிருப்பினம்" என்பார்.

வீட்டில் உதவி பெறும் முதியவர்களுக்கு வாரத்தில் இரண்டு குளியலாக இருந்ததை ஒன்றாகக் குறைத்த கூட்டத்திலேயே, மேயர் ஒரு வழுவழுப்பான புத்தகத்தையும் எல்லோருக்கும் கொடுத்தார். வெளியிலிருந்து ஒரு கம்பனியைப் பிடித்து, பொதுப்பணத்தில் எழுதுவித்தது. தலைப்பு, முதுமையில் கண்ணியம். அக்கா எழும்பிக் கேட்டது டேனிஷில், பிறகு எங்களுக்குச் சொன்னது இப்படி: "இந்தப் புத்தகத்தாலை ஒரு கிழவரின்ரை முதுகு தேய்க்க ஏலுமோ எண்டு கேட்டன். சனம் சிரிச்சுது. மேயர் சிரிக்கேல்லை."

மேயர் கொடுத்த பதில்தான் அவரைக் கொதிக்க வைத்தது. "உங்கள் தமிழ்க் குடும்பங்கள் எங்களிடம் உதவியே கேட்பதில்லையே. எவ்வளவு அழகாகத் தங்கள் பெற்றோரைப் பார்க்கிறார்கள்!" என்று புகழ்ந்தாராம்.

கேட்காமலா இருந்தோம்? பாரிசவாதத்தால் ஒரு கை விழுந்துபோன என் அப்பாவுக்காக நானே விண்ணப்பித்திருந்தேன். கொம்யூன், அதுதான் நகரசபை நிர்வாகம், மறுத்துவிட்டது. அக்கா அப்பாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய், அவருடைய விண்ணப்பப் பத்திரங்களை எடுத்துவந்து எங்கள் குசினி மேசையில் விரித்தார். யாருக்கு எவ்வளவு உதவி என்று வீட்டுக்கு வந்து பார்த்து முடிவெடுக்கும் அலுவலரை இங்கே விசிட்டேட்டர் என்பார்கள். அந்த விசிட்டேட்டர் எழுதியிருந்தது: வீடு மிகத் துப்புரவு. முதியவர் நேர்த்தியாக உடுத்தியிருந்தார். தானே எழுந்து தேநீர் பரிமாறினார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். உதவி தேவையில்லை.

விசிட்டேட்டர் வந்த அன்று விடியற்காலையிலிருந்து நான் வீடு முழுக்கத் துடைத்தேன். அப்பாவுக்கு முகம் வழித்து, சட்டை அயர்ன் பண்ணிப் போட்டு, பொத்தானும் நானே பூட்டிவிட்டேன். தேநீரோடு கொடுக்க றோல்ஸும் பற்றிசும் பொரித்தேன். ஆள் வருகிற நேரத்தில் அப்பா நல்ல கையால் கோப்பையை ஏந்திக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். பராமரிப்பு வேலை என் தொழில். எனக்கே புத்தி வேலை செய்யவில்லை.

"உதவியை மறுத்தது கொம்யூன் மட்டுமில்லை வாசுகி, நீரும் சேர்ந்துதான் மறுத்தனீர்" என்று அக்கா என்மேல் பாய்ந்தார்.

அப்பா குறுக்கிட்டார். "வீட்டுக்கு வந்த ஆளுக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கிறது பிழையோ பிள்ளை?"

"பிழையில்லை ஐயா. ஆனா அவ விருந்துக்கு வரேல்லை. நீங்கள் பொத்தான் பூட்ட ஏலாமல் நிக்கிறதைப் பாக்க வந்தவ."

அதன்பிறகு அக்கா வீடு வீடாகப் போனார். விசிட்டேட்டர் வரும் நாளில் வீடு கூட்டாதேங்கோ, கிழவரை உடுத்தி வெளிக்கிடுத்தாதேங்கோ, தேத்தண்ணி குடுக்காதேங்கோ. இதுதான் பிரசாரம். எங்கள் சனம் சும்மா விட்டதா? "எங்கடை மானத்தை வெள்ளைக்காரனிட்டை விக்கிறா" என்று கோயிலிலும் சொன்னார்கள், சேர்ச்சிலும் சொன்னார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சபையிலும் விடவில்லை. மரியாதையையும் சுகத்தையும் பிரித்தறியத் தெரியாத அலுவலகம் என்ன அலுவலகம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார். மறுக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கெல்லாம் விசிட்டேட்டர்களை மொழிபெயர்ப்பாளரோடு திரும்பப் போக வைத்தார். வெட்டிய குளியலையும் திருப்பி வாங்கினார். என் அப்பா சாகும்வரை வாரத்தில் இரண்டு தரம் குளித்தார் என்றால், அதற்குக் காரணம் இந்த மனுஷிதான்.

பிறகு அக்காவின் இதயம் பழுதாயிற்று. சபையிலிருந்து விலகினார். கணவர் முன்பே போய்விட்டார், தனி வீடு. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். கையைத் தலைக்குமேல் தூக்க முடியாது. நச்சரித்து நச்சரித்து விண்ணப்பிக்க வைத்தேன். விசிட்டேட்டர் வரும்போது நானும் நிற்பேன் என்றேன். அக்காவோ நான் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து நாள் கொடுத்திருக்கிறார்.

ஒருநாள் வேலை முடிந்து போனால், அக்கா சேலை உடுத்தி, தலை வாரி, சோபாவில் சரிந்து கிடக்கிறார். மேசையில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பொன் விளிம்புக் கோப்பைகள்.

"ஆர் அக்கா வந்தது?"

"விசிட்டேட்டர்."

"தேத்தண்ணி குடுத்தனீங்களோ?"

சுவரைப் பார்த்தார். "பற்றிசும் குடுத்தனான்."

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"எட்டு வருசம் அவையளுக்கு முன்னாலை நிமிந்து நிண்டனான். அந்தப் பெட்டையிட்டை, என்னைக் குளிப்பாட்டி விடுங்கோ எண்டு கேக்க வாய் வரேல்லையடி" என்றார்.

கொம்யூனிலிருந்து கடிதம் வந்தது. முன்னாள் நகரசபை உறுப்பினர், நன்றாகப் பேசுகிறார், தானே சமாளிக்கிறார், உதவி தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் மேன்முறையீடு எழுதினேன். அக்கா கையெழுத்து வைத்தார். பதில் வரவில்லை. அதற்குள் ஆள் போய்விட்டார்.

அக்காமேல் எனக்குக் கோபம்தான். ஊருக்குச் சொன்னதைத் தனக்குச் செய்யாமல் போனாரே! ஆனால் கொம்யூனுக்கு என்ன சாட்டு? தேநீர் தருகிறவர் சுகமாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள் என எட்டு வருடம் அவர் சொன்னதெல்லாம் அவர்களுடைய சொந்தக் கூட்டக் குறிப்பில் கிடக்கிறது. ஒருவராவது வாசித்தாரா? அவரைத் தெரியாத ஆளையா அனுப்பினார்கள்? தெரிந்துதான், முன்னாள் உறுப்பினர் என்று கடிதத்திலேயே எழுதினார்கள். அதை எழுதத் தெரிந்தவர்களுக்கு அவர் மூச்சு வாங்கியது கேட்கவில்லையாம்!

அடக்கம் முடிந்து சேர்ச் மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். மேயர் பெரிய மலர்வளையத்தோடு வந்திருந்தார். ஒலிவாங்கியைப் பிடித்து, "றெஜினா கடைசிவரை பலமானவர். அவருக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை" என்றார். சனம் தலையாட்டியது. நான் தேநீர்த் தட்டோடு வரிசையாக வந்துகொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டு, மேயர் சிரித்தபடி கோப்பைக்குக் கை நீட்டினார்.

தட்டைப் பின்னுக்கு இழுத்தேன். "அவருடைய மேன்முறையீட்டுக்குப் பதில் எங்கே?" என்று டேனிஷில் கேட்டேன்.

"இன்று அதற்கான நாள் இல்லை" என்றார்.

"அப்படியென்றால் தேநீருக்கும் இன்று நாள் இல்லை."

பின்னால் யாரோ, "வாசுகி, மானத்தை வாங்காதையும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது கேட்டது. மேயரின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி நின்றது. நான் அவரைக் கடந்து, அடுத்து இருந்தவருக்குக் கோப்பையைக் கொடுத்தேன்.

போயிட்டு வாங்கோ அக்கா. நீங்கள் சொன்னதை இப்பதான் செய்தனான். அந்தாளுக்குத் தேத்தண்ணி குடுக்கேல்லை.