எட்டாய் மடித்த பத்து லாட்ஸ்

1. வேலைக்குச் சேர்ந்த கதை

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ன் நகரத்து ஆர்கேட் ஒன்றில், பழைய காசும் தபால்தலையும் விற்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கொழும்பில் வங்கிக் காசாளராக இருந்தவள் நான். காசுத் தாளைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்போடு போய் ஒரு தாளைக் கையால் தூக்கினேன். "ஐயோ பிள்ளை, ட்வீசர்! ட்வீசர்!" என்று முதலாளி பேர்சி அலறினார்.

பேர்சி பேசியது அவுஸ்திரேலிய இங்கிலீஷ். எனக்குக் கைவந்த யாழ்ப்பாணத் தமிழில்தான் அதை எழுதுகிறேன். உண்மையில் அவர் எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், என்னையும்தான். என் கணவருக்கு நான் அதைச் சொல்லவில்லை. இங்கேயும் 'பிள்ளை' என்று மாற்றிவிட்டேன்.

அந்தத் தொழிலில் தாளுக்கு மதிப்பே மடிப்பில்தான். மடிப்பே விழாதது 'அன்சர்க்குலேட்டட்', சுருக்கமாக யூ.என்.சி. அதைப் பேர்சி மாப்பிள்ளை மாதிரி நடத்துவார். பல கை மாறிக் கசங்கியது 'வெரி குட்'. பெயரைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். வெரி குட் என்றால் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்து வீடு.

நான் சேர்ந்த நேரம் பேர்சி ஏலத்தில் ஒரு பெட்டி லத்வியாத் தாள்களை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் லத்வியா தனிநாடாக இருந்தபோது அடித்த லாட்ஸ் தாள்கள். பிறகு அந்த நாட்டைச் சோவியத் விழுங்கிவிட்டது. தாளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

"இதை நீர் வித்துக் காட்டும் பிள்ளை. வித்தால் வேலை நிரந்தரம். இல்லாட்டி உமக்குச் சம்பளம் தர எனக்கு வழியில்லை" என்றார்.

என் கணவரின் எஞ்சினியர் பட்டம் இங்கே செல்லுமா செல்லாதா என்று யாரோ யோசித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு வாடகை என் சம்பளத்தில்தான் போனது. எனக்குப் பயமாக இருந்தது.

2. தலைப்பட்டிச் சண்டை

ஒன்றிரண்டு தாளில் தலைவர் படம் இருந்தது. மற்றவற்றைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்நூறு லாட்ஸில் தேசிய உடையில் ஒரு பெண், மறுபக்கம் மாடும் ஆடும். நூறில் வயல் செய்கிற ஒரு கமக்காரக் குடும்பம். பத்து லாட்ஸில் ஒரு பக்கம் மீனவர்கள், மறுபக்கம் விதைக்கிற மனிதன். யாழ்ப்பாணத்தில் எங்கள் கடற்கரை ஊர் பருத்தித்துறையையே யாரோ குளிர்ச்சட்டை போட்டு அச்சடித்த மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் கண்ணாடி ஜன்னலில் அடுக்கினேன். போருக்குப் பிறகு கப்பலேறி வந்த லத்வியர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வந்து, அந்தப் பெண்ணின் உடுப்பைப் பார்த்துச் சண்டை பிடித்தார்கள்.

"இவள் எங்கட பக்கத்துப் பிள்ளை. தலைப்பட்டியைப் பாருங்கோ."

"உங்கட பக்கத்தில எப்ப இவ்வளவு வடிவான பிள்ளையள் இருந்தவை?"

கோபத்தில் வெளியே போனவர்கள் ஒரு தாளும் வாங்கவில்லை.

பிறகுதான் வெல்டா வந்தார். அறுபது வயதிருக்கும். கம்பளித் தொப்பி, பெரிய கைப்பை. பேர்சி பெருமையோடு யூ.என்.சி. பத்து லாட்ஸை நீட்டினார். வெல்டா தொடக்கூட இல்லை.

"இதை ஒருத்தரும் செலவழிக்கேல்லை. எனக்கென்னத்துக்கு? புழங்கின தாள் இல்லையோ?"

வெரி குட் தாள்களைப் பேர்சி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார். நான் அதைத் திறந்தேன். வெல்டா ஒவ்வொரு தாளாக எடுத்து மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். பேர்சி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார். கடைசியில் எட்டாய் மடித்த கோடு விழுந்த ஒரு பத்து லாட்ஸில் வெல்டாவின் கை நின்றது.

"என்ர அப்பா மீன் விக்கிறவர். காசை எட்டா மடிச்சுத் தொப்பிக்குள்ள வைப்பார். இது அவற்ற தாள் எண்டு நான் சொல்லேல்லை. ஆனா இப்பிடித்தான் மடிப்பார். ஊரை விட்டு ஓடேக்க அவற்ற சாமான் ஒண்டும் கொண்டுவரேல்லை." பிறகு கைப்பையை மூடிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வாறன், எடுத்து வையும். எங்கட லத்வியப் பாட்டுக் குழுவுக்கும் சொல்லுறன்" என்றார்.

எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

3. பேர்சி செய்த உபகாரம்

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் கடைக்குள் சவர்க்கார வாசம். பின்னறையில் பேர்சி அயர்ன் பெட்டியோடு நிற்கிறார். கழுவி, ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது வெல்டாவின் பத்து லாட்ஸை.

"நல்ல வாடிக்கைக்காரி எண்டீர். ஒரு படி ஏத்திக் குடுப்பம் எண்டு..."

இப்படித் தேய்த்து விற்கிற கடைக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிற மனிதர் அவர். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெல்டாவின் அப்பா மடித்த கதையைச் சொன்னதும் டின்னுக்கு ஓடினார்.

"வேற ஒண்டை எட்டா மடிச்சுக் குடுப்பமே? அவவுக்குத் தெரியவோ போகுது?"

"மணந்து பாக்கிற மனுசிக்கோ தெரியாது? உண்மையைச் சொல்லுவம். சொல்லுறது நீங்கள்."

வேலை போனால் போகட்டும் என்று வாயில் வந்துவிட்டது. வீட்டு வாடகை பிறகுதான் நினைவுக்கு வந்தது.

4. வெள்ளிக்கிழமை

பேர்சி காதுவரை சிவந்து விஷயத்தைச் சொன்னார். வெல்டா தாளை வாங்கி மூக்கில் வைத்தார்.

"ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது."

கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினார். நான் மறித்தேன். அயர்ன் போட்டால் மடிப்பு தட்டையாகுமே தவிர, தாளுக்குள் முறிந்த நார் திரும்பி ஒட்டாது. தேய்த்த தாளைக் கண்டுபிடிக்க நாங்கள் பார்க்கிற வழி அதுதான். மேசை விளக்கைப் போட்டு, தாளைச் சரித்துப் பிடித்தேன். விதைக்கிற மனிதனின் மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பழைய கோடுகள் மெல்லத் தெரிந்தன.

வெல்டா குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு தாளைக் கண்ணாடி மேசையில் வைத்து, அந்தக் கோட்டிலேயே நகத்தால் அழுத்தி மடித்தார். இரண்டு. நாலு. எட்டு. மடிப்புக்குப் பயந்தே காலம் கழித்த பேர்சி, பல்லுப் பிடுங்குகிறவர் முன்னால் இருப்பவர் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார்.

தொப்பியைக் கழற்றி, தாளை உள்மடிப்பில் செருகி, திரும்பப் போட்டுக்கொண்டார் வெல்டா. கண் கலங்கியிருந்தது.

"இப்ப சரி. நாளைக்குப் பாட்டுப் பயிற்சி முடிய எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன். ஆனா இந்த மனுசனை அயர்ன் பெட்டிக்குக் கிட்ட விடாதையும்."

சனிக்கிழமை பாட்டுக் குழு முழுக்க வந்தது. தலைப்பட்டிச் சண்டையும் கூடவே வந்தது. முதலில் காலியானது பிஸ்கட் டின்தான். அது முடிந்த பிறகே மனமில்லாமல் யூ.என்.சி. பக்கம் திரும்பினார்கள். திங்கட்கிழமை பேர்சி கடைச் சாவியில் ஒன்றை என்னிடம் தந்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யூ.என்.சி., வெரி குட் என்கிற கிரேடையெல்லாம் நன்றாகப் படியுங்கள், ஆனால் வாய் திறந்ததும் அதைச் சொல்லாதீர்கள். நான் ஓய்வு பெறும்வரை, எந்தத் தாளைக் காட்டும் முன்னும் ஒன்று கேட்பேன்: "உங்களுக்கு வைச்சுப் பாக்கவோ, தொட்டுப் பாக்கவோ?" தொட்டுப் பார்க்க என்றால், ட்வீசரை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவேன்.