இரண்டு வரி வாழ்த்து

பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு நடந்துகொண்டிருந்தேன். பேருந்து இல்லாமலில்லை. கல்யாணப் பந்தியில் கோபித்துக்கொண்டு சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பியவன், அதே ஊர் நிறுத்தத்தில் போய்க் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றால் கோபத்துக்கு என்ன மரியாதை? அதனால் நடந்தேன். இரண்டு கிலோமீட்டரில் கோபம் தீர்ந்துவிட்டது, செருப்பின் வார் அறுந்துவிட்டது, சாப்பிடாமல் வந்துவிட்டோமே என்கிற வருத்தம் மட்டும் கூடவே வந்தது. வேலையை விட்டு வருவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. சாப்பிட்ட பிறகு விட வேண்டும் என்பது மட்டும் இந்த வயதிலும் பிடிபடவில்லை.

கோட்டையூருக்கு முன்னால் ஒரு டீக்கடை. லாரி ஓட்டுநர் ஒருவர் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு டீ வந்தது. முதல் வாய் உறிஞ்சும்போது கைப்பேசியிலிருந்து ஒரு குரல், “மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே” என்றது. சட்டமன்றத்தில் கேள்வி நேரம். யாரோ ஓர் உறுப்பினர் எழுந்து, கேள்வியைக் கேட்காமல் தன் தலைவரை வாழ்த்த ஆரம்பித்தார். இமயம் வந்தது. கடல் வந்தது. வரலாறு வந்தது. எனக்குக் காது சுட்டது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

“டீ சரியில்லையாண்ணே?” என்றார் கடைக்காரர்.

“டீ நல்லாத்தான் இருக்கு. அவுக பேசுறதுதான் எனக்கு ஆகாது.”

ஓட்டுநர் என்னை எதிர்க்கட்சிக்காரன் என்று நினைத்து முறைத்தார். கட்சியெல்லாம் ஒன்றுமில்லை. அந்த மாதிரி வாழ்த்தை எழுதிக் கொடுத்தவன் நான். சொன்னால் அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு யார் நம்புவார்கள்?

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டோம். பிறகு லாரியில் கிளீனர், புரோட்டாக் கடை, செங்கல் காளவாசல், தேவகோட்டைப் பக்கம் ஒரு கோழிப்பண்ணை. எதிலும் ஓராண்டு தாங்கியதில்லை. சில வருடங்களுக்கு முன்பு செக்காலை ரோட்டில் ஒரு பிளெக்ஸ் கடையில் போய் விழுந்தேன். எனக்கும் ஒரு திறமை இருப்பது அங்கேதான் தெரிந்தது. காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள், எதற்கும் நின்ற இடத்தில் வாசகம் சொல்வேன். அந்தக் கடையில் ஒரே சட்டம்தான்: பேனரில் வெற்றிடம் இருக்கக் கூடாது. சதுர அடிக்குக் காசு கொடுப்பவர் காலி இடத்தைப் பார்த்தால் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். ஆகவே ஒரு முழம் மிஞ்சினால் ‘ஏழைகளின் விடிவெள்ளி’. ஒரு சாண் மிஞ்சினால் ‘பாசமிகு’. ஒரு மனிதரின் பெயரை வெறுமனே விடுவது பாவம் என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

பிளெக்ஸ் மையின் நெடி தலையைப் பிடிக்கும். அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, தெய்வானையக்கா கொட்டகையில் மணக்கும் கற்பூர எண்ணெய். சாக்கோட்டைப் பக்கம் ஒரு சிற்றூர் அது. ஓடாத ரைஸ்மில்லின் கொட்டகை. உள்ளே நுழைந்தால் முதலில் பழைய தவிட்டு வாசனை, அதற்குப் பின்னால் எண்ணெய், அதற்கும் பின்னால் பினாயில். மதுரையில் ஒரு மருத்துவமனையில் பத்து வருடம் ஆயாவாக இருந்தவர் தெய்வானையக்கா. புருஷன் வாதத்தில் விழுந்ததும் ஊருக்கு வந்தார். புருஷன் போன பிறகும் அக்காவுக்குக் கைப்பழக்கம் விடவில்லை. அடுத்த வீட்டு வாதக்காரரைப் பார்த்தார், அப்புறம் அடுத்த தெரு. காலையில் வீட்டு ஆட்கள் சித்தாள் வேலைக்கும் நூறுநாள் வேலைக்கும் போகும்போது படுத்த மனிதரைத் தூக்கி வந்து விடுவார்கள். சாயந்திரம் வந்து தூக்கிப் போவார்கள். குளிப்பாட்டுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, கை கால் நீவுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அக்காதான். நான் அங்கே ஓரமாகப் படுத்துக்கொள்வேன். வாடகைக்குப் பதிலாக, கடைக்குப் போவதற்கு முன் ஆட்களைத் தூக்கி உட்கார வைப்பேன்.

அந்தக் கொட்டகைக்கு வருவதற்கு முன்பு அவர்களெல்லாம் எப்படி இருந்தார்கள் என்று கேட்டால் சாத்தையா சொல்வார். பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, வாய் மட்டும் விழவில்லை. “மருமக கதவைப் பூட்டிட்டு வேலைக்குப் போகும். தலமாட்டுல ஒரு சொம்புத் தண்ணி. நாலு மாசம் டிப்போவுல நிப்பாட்டுன வண்டியாட்டம் கெடந்தேன்டா. பேசுறதுக்குப் பல்லிகூட வராது.”

கொட்டகையை விற்க மில்லுக்காரர் முடிவு செய்தபோதுதான் விஷயம் ஆரம்பித்தது. கெட்ட மனிதரில்லை. ஐந்து வருடம் வாடகை வாங்காமல் விட்டிருந்தவர். பக்கத்திலேயே நெல்லடிக்கிற களம், அரசாங்கப் புறம்போக்கு, சும்மா கிடந்தது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு களத்தில் யார் அடிக்கிறார்கள்? அங்கே ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையம் கட்டிக் கொடுங்கள் என்று தெய்வானையக்கா மனு எழுதச் சொன்னார், நான் எழுதினேன். களத்தை விட்டுக் கொடுக்க ஊராட்சியும் தீர்மானம் போட்டுக் கொடுத்தது. பிளெக்ஸ் கடைக்கு வந்துபோகும் எம்.எல்.ஏ. உதவியாளர் ஒருவர் எனக்குப் பழக்கம். எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள், நான் இன்னும் இந்தப் பக்கம்தான் நடமாட வேண்டும். அவர் மூலமாக மனு சட்டமன்றக் கேள்வியாகவே போய்விட்டது.

மில்லுக்காரர் வந்து அக்காவிடம் சொன்னார்: “சபையில மந்திரி வாயில ‘பாக்குறோம்’னு ஒரு வார்த்தை வரட்டும். தை வரைக்கும் நான் பொறுத்துக்கிறேன். வரலைனா என்னையத் தப்பாச் சொல்லாதீக.”

ஒரு வார்த்தை. அதுதான் தேவைப்பட்டது.

கேள்வி போனால் அதற்குப் பதில் தயாரிக்க மேலிருந்து கீழே கடிதம் வரும். சென்னையிலிருந்து கிளம்பிய அந்தக் கடிதம் கடைசியில் எங்கள் களத்தில் வந்து நின்றது. வருவாய்த் துறை ஆள் பார்க்க வந்த அன்றைக்கென்று சாத்தையாவின் மருமகள் களத்தில் நாலு படி உளுந்தைக் காயப்போட்டிருந்தார். வந்தவர் உளுந்தைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். மந்திரியின் பதில் எப்படி வரும் என்று உதவியாளருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

“களம் பயன்பாட்டுல இருக்குன்னுதான் பதில் வரும். ஆனா அதுக்கப்புறம் நம்மாளு ஒரு துணைக் கேள்வி கேக்கலாம்” என்றார் அவர். “அதுலதான் இருக்கு எல்லாம். ஊராட்சித் தீர்மானத்தைத் தூக்கிக் காட்டி, இதைப் பரிசீலிப்பீகளான்னு கேட்டா, மந்திரி இல்லைன்னு சொல்ல மாட்டாரு. நீ எழுதிக் குடு. மொதல்ல ரெண்டு வரி வாழ்த்து, பெறகு கேள்வி. அம்புட்டுத்தான்.”

இரண்டு வரி. இந்தக் கையிடம் போய் இரண்டு வரி என்றார் மனிதர்.

கொட்டகை வாசலில் சாக்கைப் போட்டு உட்கார்ந்து எழுதினேன். தலைவரை வாழ்த்தினேன். வாழ்த்தியதும் தலைவர் பிறந்த மண்ணை விட்டால் தப்பாகிவிடுமே என்று மண்ணை வாழ்த்தினேன். மந்திரியை வாழ்த்தாமல் அவரிடம் எப்படிக் கேட்பது? பேரவைத் தலைவரை விட்டால் அவர் மனம் கோணாதா? தாளின் முதல் பக்கம் நிரம்பியது. ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது, அதையும் விடவில்லை. சோற்றுக்கரண்டியோடு வந்த தெய்வானையக்கா எட்டிப் பார்த்தார்.

“எங்க விசயம் இருக்கா தம்பி இதுல?”

“ரெண்டாம் பக்கத்துல இருக்குக்கா.”

“மொதப் பக்கத்துல என்ன?”

“அது முறைக்கா.”

பெரிய அனுபவசாலிபோலச் சொன்னேன். நான் சட்டமன்றத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை.

கேள்வி வருகிற நாள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுவார்கள் என்பதால் என் கைப்பேசியை ஜன்னல் கம்பியில் துண்டால் கட்டினேன். எல்லாரையும் சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம். அக்கா அன்றைக்கு எல்லாருக்கும் தலைவாரிப் பவுடர் போட்டிருந்தார். சாத்தையா மட்டும், “நம்மளயா அங்க காட்டப் போறாக?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் பவுடரைத் துடைக்கவில்லை. மில்லுக்காரரும் வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

மந்திரி எழுந்து, களம் மக்கள் பயன்பாட்டில் உள்ளதால் அப்படி ஒரு கருத்துரு அரசின் பரிசீலனையில் இல்லை என்றார். எதிர்பார்த்ததுதான். எங்கள் ஆள், எம்.எல்.ஏ., எழுந்தார். கையில் என் தாள்.

முதல் வரிக்கு மேசை தட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. புரோட்டாக் கடையில் மாவு பிசைந்த கை எழுதிய வரிக்குச் சட்டமன்றத்தில் மேசை தட்டுகிறார்கள். இரண்டாவது வரிக்கும் தட்டினார்கள். எந்த வரிக்கு அதிகம் தட்டினார்கள் என்று மனதுக்குள் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். மண்ணின் பெருமை வந்தபோது, அடுத்த வரியை நானே முணுமுணுத்தேன்.

“ஸ்டாப்பிங் வந்துருச்சுல்ல, இன்னும் என்ன போய்க்கிட்டே இருக்காரு?” என்றார் சாத்தையா.

“இருங்கய்யா, வருவாரு.”

பேரவைத் தலைவர், “உறுப்பினர் கேள்விக்கு வர வேண்டும்” என்றார். எங்கள் ஆள் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. பேரவைத் தலைவரின் பெருமையில் இருந்தார் அப்போது. அது ஆறு வரி. எனக்குத் தெரியும்.

“எறக்கி விடச் சொல்றாகடா. ஒங்காளு காதுல விழுகலையா?”

அப்போதும் ஓரத்தில் எழுதியது மிச்சமிருந்தது. “நேரமில்லை, அமருங்கள்” என்றார் பேரவைத் தலைவர். எங்கள் ஆள் பக்கத்தைத் திருப்பினார். ஊராட்சித் தீர்மானத்தைத் தூக்கிக் காட்டினார். அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். அடுத்த கேள்வி எங்கோ ஒரு பாலத்தைப் பற்றி.

சாத்தையா இடது கையின் இரண்டு விரலை வாயில் வைத்து, பற்கள் இல்லாத வாயால் இரண்டு முறை ஊதினார். காற்றுதான் வந்தது. டபுள் விசில். போகலாம் ரைட்.

மில்லுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். “அப்ப நான் வாரேன் தெய்வானை. வெள்ளிக்கெழமை வரைக்கும் எடுத்துக்க” என்றார். அக்கா தலையாட்டினார். அடுப்பில் கஞ்சி பொங்கியது, போய் இறக்கினார். திரும்பி வந்து முதல் ஆளுக்கு ஊட்ட ஆரம்பித்த பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. எல்லாரையும் சொல்லியிருக்க.”

வைதிருந்தால் தேவலை.

துண்டை அவிழ்த்துக் கைப்பேசியை எடுத்தபோது அது அடித்தது. உதவியாளர். நான் பதில் யோசிப்பதற்குள் அவரே பேசினார்: “தம்பி, அண்ணனுக்கு ஏக சந்தோசம். மேல எல்லாரும் யாரு எழுதுனதுன்னு கேட்டாகளாம். பிளெக்ஸ் கடையில ஏன் கெடக்க? நாளைக்கு நம்ம ஆபீசுக்கு வந்துரு. மாசச் சம்பளம்.”

“அந்தக் களம்...” என்றேன்.

“அதான் சபையில பேசியாச்சுல்ல.”

கொட்டகையில் இருக்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு காரைக்குடிப் பாதையில் நடந்தேன். அன்றைக்கும் சாப்பிடாமல்தான்.

இப்போது அங்கே கொட்டகை இல்லை. அந்த இடம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வண்டி நிறுத்துகிற இடம். தவிட்டு வாசனை போய்விட்டது. படுத்திருந்தவர்கள் அவரவர் வீட்டுக்குப் போனார்கள், கதவுகள் பழையபடி வெளியே பூட்டிக்கொண்டன. சாத்தையா அப்படி ஒரு பகலில் போனார் என்றும், சாயந்திரம் பூட்டைத் திறந்த பிறகுதான் தெரிந்தது என்றும் ரொம்ப நாள் கழித்துக் கேள்விப்பட்டேன். தெய்வானையக்கா கோயம்புத்தூரில் ஒரு பெரிய வீட்டில் ஒரே ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிறாராம். களம் மட்டும் அப்படியே இருக்கிறது. நெல்லும் இல்லை, கட்டடமும் இல்லை.

உதவியாளர் கூப்பிட்டதற்கு மறுநாள் காலை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அந்த வேலையை உதறித் தள்ளினேன் என்று எழுதினால் உங்களுக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். படுக்க இடம் போய்விட்டிருந்தது, பையில் ஒரு வேட்டி இருந்தது. எட்டரைக்கெல்லாம் எம்.எல்.ஏ. அலுவலக வாசலில் நின்றேன். ஒன்பதுக்கு உதவியாளர் முதல் வேலையைக் கொடுத்தார். பேனர், பன்னிரண்டுக்கு எட்டு. முதியோருக்காகப் பேரவையில் குரல் கொடுத்த அண்ணனுக்குத் தொகுதி மக்களின் நன்றி.

“எங்க கட்டுறது?” என்று கேட்டேன்.

“களத்துலதான். ரோட்டைப் பாத்த எடம். சர்க்காரு எடம், ஒருத்தரும் கேக்க மாட்டாக.”

உட்கார்ந்து எழுதினேன். அண்ணன் பெயருக்கு முன்னால் ஒரு சாண் இடம் மிஞ்சியது. ‘பாசமிகு’ என்று போட்டு நிரப்பினேன்.