ஓல்ரைட்டா அண்ணை?

லண்டனுக்கு வந்த புதிதில், வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து "ஓல்ரைட்?" என்றார். அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்து, என் முதுகுவலியில் தொடங்கி அம்மாவின் சுகம் வரை சொன்னேன். மனிதர் திகைத்துப்போனார்.

"அது கேள்வி இல்லையடா, வணக்கம் மாதிரி" என்று என் அறை நண்பன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்! சாப்பாடு ஓல்ரைட் என்றால் வாயில் வைக்கலாம், அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சோதனை ஓல்ரைட் என்று மகள் சொன்னால் மேற்கொண்டு கேட்கக்கூடாது.

எல்லாம் பழகிவிட்டது. இப்போது தமிழரைக் கண்டாலும் அதுதான் முதலில் வாயில் வருகிறது.

இன்று காலை மோர்டனில் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் இருக்கும் அந்தோனி அண்ணை எதிரே வந்தார்.

"ஓல்ரைட்டா அண்ணை?"

"இல்லைத் தம்பி. மனுசியை நேற்று ஆஸ்பத்திரியிலை மறிச்சுப்போட்டாங்கள்."

"நல்லது அண்ணை, நல்லது" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டி ஓடிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், மனைவியை ஆஸ்பத்திரியில் தங்கவைத்துவிட்டார்கள் என்று அவர் சொன்னது மண்டையில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். மனிதர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறந்ததும் என்ன கேட்பது? முன்பெல்லாம் நாங்கள் ஒருவரை ஒருவர் என்ன கேட்போம்? ஞாபகம் இருப்பவர்கள் கீழே எழுதுங்கள்.