தனிப்பறப்புக்குத் தகுதியில்லை

எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் வரவேற்பறையில் என் படத்துக்குக் கீழே என் தகுதிகளை எழுதி மாட்டியிருக்கிறார்கள். வர்த்தக விமானி உரிமம், பயிற்றுநர் உரிமம், பறந்த மணிக்கணக்கு எல்லாம் இருக்கும். 'கண்டிப்பானவர்' என்ற கடைசி வார்த்தை நானே சேர்க்கச் சொன்னது. சிங்கப்பூரில், சிராங்கூன் பக்கம் கல்யாணங்களுக்குப் போனால், "பைலட்டா? எந்த ஏர்லைன்?" என்று வாயைப் பிளப்பார்கள். சொல்லிக்கொடுக்கிறேன் என்றதும், "ஓ, டீச்சர்தான் லா" என்று பிரியாணிப் பக்கம் திரும்பிவிடுவார்கள். அந்த எரிச்சலை மாணவர்கள் தலையில்தான் கொட்டினேன்.

அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஒரு கப்பல் பட்டறைப் பாதுகாப்பு மேற்பார்வையாளர். தமிழ்நாட்டுக்காரர், ஜாலான் புசாரில் வாடகை அறை, ஞாயிறு மட்டும் வகுப்பு. நல்ல கை. ஆனால் கேள்வி கேட்பார். மூன்றாம் வகுப்பில், "ஃப்யூயல் செக் பண்ணாம கிளம்புறோமே மேடம்?" என்றார். அவர் வருமுன் நானே பார்த்துவிட்டிருந்தேன். அதைச் சொல்லியிருக்கலாம்.

"உங்க லைசென்ஸக் காட்டுங்க. இல்லையா? அப்ப வாய மூடிட்டு நான் சொல்றதச் செய்யுங்க."

அதன்பிறகு அவர் வாய் திறந்தபோதெல்லாம் இதே பாட்டுதான். சில மாதங்களில் மனிதருக்கு "எஸ் மேடம்" தவிர வேறு பேச்சில்லை. ஆளை வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

முதல் தனிப்பறப்பு என்றைக்கு என்று மாணவரிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. சில சுற்றுகள் பார்த்துவிட்டுப் பயிற்றுநர் சட்டென்று விமானத்திலிருந்து இறங்கிக்கொள்வார், மாணவர் தனியாகப் போக வேண்டும். மேற்பார்வையாளர் அன்றைக்கு எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார். புதுச் சட்டை. ஊரிலிருக்கும் மனைவியிடம் வேறு சொல்லிவிட்டாராம்.

இறங்குமுன் நான் ஒரு சோதனை வைப்பேன். ஓடுபாதைக்கு முன்னால் மஞ்சள் கோட்டருகே நின்றோம். கட்டுப்பாட்டுக் கோபுரம் காத்திருக்கச் சொன்னது. அதை அவரே ரேடியோவில் திருப்பிச் சொன்னார். நான் வேண்டுமென்றே, "போங்க" என்றேன். மாட்டேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் சோதனை. அவர் பிரேக்கை விட்டார். சக்கரம் கோட்டைத் தொடுமுன் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன்.

"டவர்ல என்ன சொன்னாங்க?"

"ஹோல்ட் மேடம்."

"அப்புறம் ஏன் போனீங்க?"

"நீங்க சொன்னீங்களே மேடம்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. விமானத்தைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன்.

எங்கள் பள்ளியில் ஒரு பயிற்றுநர் 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டால் இன்னொருவர் அந்த மாணவரைத் தொடமாட்டார். அவருடைய பறத்தல் அத்தோடு சரி. அது தெரிந்துதான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'சுயமாக முடிவெடுக்கும் திறன் இல்லை' என்று எழுதி, என் உரிம எண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தத் திறனை வாராவாரம் பிடுங்கிப் போட்டவள் நான்தான் என்று எழுத எனக்குத் துணிவில்லை.

தாளை அவரிடம் நீட்டினேன். நிதானமாக இரண்டு முறை படித்தார். எதிர்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று காத்திருந்தேன்.

"நான் எங்க சைன் பண்ணணும் மேடம்?" என்றார்.

இடத்தைக் காட்டினேன்.