தொட்டுப் பாருங்கள்

என் அத்தானுக்கு எங்கள் வட்டாரத்தில் 'கட்டி' என்று பட்டப்பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் நாயோடு நடை போகிறவர்கள் எங்கள் ஸ்டூடியோ வந்ததும் எதிர்ப்பக்கத்துக்கு மாறிக்கொள்வதை நான் கல்லாவில் உட்கார்ந்தபடி தினமும் பார்க்கிறேன். நல்லது செய்யப் போன மனுஷனுக்குக் கிடைத்த மரியாதை.

அக்காவைக் கட்டிக்கொண்ட காலத்தில் அவர் பாஸ்போர்ட் போட்டோதான் எடுத்துக்கொண்டிருந்தார். அது அவருக்குப் பிடிக்காத வேலை. கேமராவைக் கண்டதும் மனுஷன் மூஞ்சி பொய் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது என்பார். ஒரு நாள் ஒரு அம்மாள் தன் நாயையும் எடுத்துத் தரச் சொன்னாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர். அந்தத் தொந்தியோடு தரையில் குப்புறப் படுப்பார். உதட்டைக் குவித்து எலி மாதிரி ஒரு கீச்சு விடுவார். எப்பேர்ப்பட்ட சோம்பேறி நாயும் காதைத் தூக்கித் தலையைச் சாய்க்கும். அந்த ஒரு நொடி போதும் அவருக்கு. நாய் எழுந்து தன் பாட்டுக்குப் போய்விடும். இவரை எழுப்பி நிறுத்தத்தான் நானும் அக்காவும் சேர்ந்து கைகொடுக்க வேண்டும்.

மீதி வேலை கம்ப்யூட்டரில். அதற்கு எங்கள் ஸ்டூடியோவில் 'டச்சப்' என்று பெயர். பீளை, எச்சில், கழுத்துப் பட்டை, பிடித்திருப்பவரின் கை எல்லாம் காணாமல் போகும். சொட்டையான இடத்தில் முடி முளைக்கும். எதைக் கேட்டாலும் "டச்சப்ல பாத்துக்கலாம்" என்பார் அத்தான்.

எங்களுக்கும் ஒரு நாய் இருந்தது. ஒரு வேலையும் செய்யாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் படுத்து எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்ததால் மேனேஜர் என்று பெயர் வைத்தோம். பிள்ளையில்லாத வீடு. மேனேஜர் சாப்பிட்ட பிறகுதான் அக்கா எங்களுக்கே தட்டு வைப்பாள். வாசல் கண்ணாடியில் மாட்டுவதற்காக அத்தான் அவனை ஆளுயரத்துக்கு ஒரு படம் எடுத்தார். தாடைக்குக் கீழே, பட்டையை ஒட்டி, மடிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது. வெளிச்சக் கோளாறு என்று நினைத்து டச்சப்பில் அழித்துவிட்டார். படம் அபாரமாக வந்திருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மேனேஜர் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் நாய்களைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் தாடைக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால் என்று விரல் போய்க்கொண்டே இருந்தது. போன இடத்திலெல்லாம் கோலிக்குண்டு மாதிரி உருண்டது. நெறிகட்டுகிற இடங்களில் வரும் புற்றுநோய் என்றார். நாய்க்குமா அதெல்லாம் வரும் என்று அக்கா கேட்டாள். எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அந்த வாசல் படத்தின் அசலைத் திறந்தார். மடிப்பாவது மண்ணாங்கட்டியாவது. தாடைக்குக் கீழே கட்டி பளிச்சென்று இருந்தது.

"என் கையாலயே அழிச்சிருக்கேன்" என்றார். அவருக்கும் சேர்த்து அக்கா அழுதாள். மழைக்காலம் முடிவதற்குள் மேனேஜர் போய்விட்டான்.

அப்புறம்தான் அத்தான் இப்படி ஆனார். வாசலில் இருந்த அழகான படத்தைக் கழற்றிவிட்டு அசலை, கட்டியோடு, அதே அளவில் மாட்டினார். கீழே கொட்டை எழுத்தில் 'தொட்டுப் பாருங்கள்' என்று போட்டார். எதைத் தொட வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார். இது ஏதோ புது மாதிரி பிரிண்ட் போலிருக்கிறது என்று நினைத்து ஜனங்கள் படத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். விரல் பட்டுப் பட்டு அந்தக் கட்டி மட்டும் கறுத்துப்போனது. அதைத் துடைப்பது என் தலையில் விழுந்தது. பிறகு 'உங்கள் வீட்டு நாயை' என்று மேலே சின்னதாகச் சேர்த்தார். அதை ஒருவரும் படிக்கவில்லை.

டச்சப்பில் இனி உடம்பில் கைவைப்பதில்லை என்றும் சொல்லிவிட்டார். பீளையைத் துடைப்பார். உடம்பில் இருப்பது இருந்தபடி வரும். கேமராவைத் தொடும் முன்பே நாயைத் தடவ ஆரம்பித்துவிடுவார். தாடை, அக்குள், அடிவயிறு, தொடை இடுக்கு. பார்ப்பவர்களுக்குக் கொஞ்சுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அவர் கண் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை ஓரிடத்தில் நின்றுவிட்டால் நான் பில் போடுவதை நிறுத்திவிடுவேன். ஒரு அம்மாளின் நாய்க்கு விலாவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். டாக்டரம்மா ஊசி குத்திப் பார்த்து, வெறும் கொழுப்பு என்றார். அந்த அம்மாள் நேரே ஸ்டூடியோவுக்கு வந்து, போட்டோ எடுக்கிறவர் போட்டோவை மட்டும் எடுத்தால் போதும் என்று கிழிகிழியென்று கிழித்தாள். கொழுப்புதானா, ரொம்ப சந்தோஷம் என்று இவர் சிரித்தார். கிண்டல் செய்கிறார் என்று அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார். பட்டப்பெயர் அந்த வாரம் பிறந்தது.

அதற்குப் பிறகும் வந்தவர் பள்ளிக்கூட வேன் டிரைவர். மனைவி விட்டுப் போன பிறகு அவருக்கென்று இருந்தது சோடா என்கிற நாய் மட்டும்தான். தும்மினால் பாட்டில் திறக்கிற மாதிரி சத்தம் வரும், அதனால் அந்தப் பெயர். சோடா கூச்சப்படாமல் மல்லாந்து படுத்தது. வயிற்றில் கடைசிக் காம்புக்குப் பக்கத்தில் அத்தானின் கை நின்றது. டிரைவரின் விரலைப் பிடித்து அங்கே வைத்தார்.

"பட்டாணி அளவுதான் இருக்கு. இப்பவே எடுத்துட்டா பொழைச்சுக்கும்ங்க. நாளைக்கே போங்க."

டிரைவர் சரியென்று தலையாட்டினார். அன்றைக்குச் சாப்பிடும்போது அத்தான் அக்காவிடம், "ஒண்ணாவது தப்பிக்கும்" என்றார். மேனேஜர் போன பிறகு அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

வேன் எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஓடிப்போய் விசாரிப்பார். லீவு விடட்டும் என்றார் டிரைவர். அப்புறம் ஹாரனை மட்டும் அடித்துவிட்டுப் போனார். அப்புறம் வேனே வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தது. மனசு கேட்காமல் அத்தான் அவர் வீட்டுக்கே போனார். துணைக்கு நானும் போனேன். டிரைவர் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"கத்தி பட்டா பரவிடும்னு சொல்றாங்க. அது பாட்டுக்கு இருக்குங்க. சீண்டாம விட்டுடுவோம்."

அத்தான் கெஞ்சினார். நானே தூக்கிக்கொண்டு போகிறேன், நீங்கள் வரக்கூட வேண்டாம் என்றார். சோடா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று வாலை ஆட்டியது. டிரைவர் அதன் பட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். பாசமில்லாத ஆளாக இருந்தால் அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். அந்த மனுஷனுக்குப் பயம். பயந்தவரிடம் என்ன பேசி என்ன?

அடுத்த தடவை அவர் ஸ்டூடியோவுக்கு வந்தபோது சோடாவைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். பட்டாணி உள்ளங்கை அளவுக்கு ஆகி, உடைந்து, புண்ணாகி இருந்தது. நுரையீரல் வரைக்கும் போய்விட்டதாம். இனி கத்தி வைத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம்.

"ஒரு போட்டோ வேணும்ங்க" என்றார். துண்டை இழுத்து மூடிவிட்டு, "அது மட்டும் தெரியாம" என்றார்.

அத்தான் கத்துவார் என்று நினைத்தேன். கத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவரோ தரையில் படுத்தார். கீச்சு விட்டார். ஒருக்களித்துக் கிடந்த சோடா தலையைத் தூக்கவில்லை, ஒரு காதை மட்டும் தூக்கியது. எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். முடியாது என்று சொல்லுங்கள் அத்தான் என்று அவர் காதருகே போய்ச் சொன்னேன்.

"இதுலயாவது எடுத்து விடறேம்மா."

இத்தனை நிதானமாக அவர் டச்சப் செய்து நான் பார்த்ததில்லை. புண் போனது, வீக்கம் போனது, வயிற்றில் வெள்ளை முடி பழையபடி படிந்தது. அக்கா பிரிண்ட் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே லாமினேட் செய்து கொடுத்தாள்.

டிரைவர் அதை வாங்கிச் சோடாவுக்கு மேலே பிடித்துப் பார்த்தார். மடியில் அது மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. படத்தில் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். மறுபடியும் தடவினார்.

"தொட்டுப் பாத்தாலும் தெரியலைங்க" என்றார்.

"தெரியாதுங்க" என்றார் அத்தான்.