பிரிவுப் பாட்டில் சேர்ந்த சோடிகள்

1984 மார்ச். மொன்றியலில் தேவதாசன் முதன்முதலாகக் கோப்பை கழுவிய உணவகச் சமையலறையில் ஒரு ரேடியோ இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்து நிலையமொன்று, அமெரிக்காவில் இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் கொடிகட்டிப் பறந்த பாட்டுகளை நாள் முழுக்கப் போட்டது. தேவதாசன் அவற்றைக் கசெற்றில் பதிந்துவைத்தார். அதிலொன்று மெதுவான பாட்டு. பியானோவில் தொடங்கும், பிறகு ஒருவன் உருகுவான். பாடியது யாரென்று அறிவிப்பாளர் சொல்வதற்குள் கசெற் முடிந்துவிட்டது.

கொஞ்சக் காலத்தில் தேவாலயப் பங்கு மண்டபத்துக் கலியாணங்களுக்கு அவர்தான் மியூசிக். மாப்பிள்ளையும் பொம்பிளையும் மண்டபத்துக்குள் நுழைய அந்தப் பாட்டையே போட்டார். இருபது வருடமாக அதில் நுழைந்த எவரும் பிரியவில்லை. றொசான் என்ற ஒரு மாப்பிள்ளை மட்டும், ஆங்கில வரிகளுக்குக் கருத்துப் பார்த்து வேறு பாட்டுக் கேட்டான். இப்போது அவன் மனுசியைப் பிரிந்து, புறநகர் புரோசார்ட்டில் தனியாக இருக்கிறான். அதோடு தேவதாசனின் பாட்டு ராசியான பாட்டாகிவிட்டது.

2006இல் அவருடைய மகள் ஜெனாட்டுக்கே கலியாணம். பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த தங்கள் வீட்டில் அவள் அந்தப் பாட்டை முதல்முறையாகக் காதுகொடுத்துக் கேட்டாள்.

"அப்பா, இவன் மனுசியை விட்டிட்டுப் போறான். அதைத்தான் பாடுறான்."

தேவதாசன் கொஞ்சம் யோசித்தார். "வடிவாச் சொல்லிப்போட்டுத்தானே போறான்."

இந்தப் பாட்டில் தான் நுழையவே மாட்டேன் என்றாள் ஜெனாட். மாப்பிள்ளையின் தாய் பிலோமினம்மாவோ அந்தப் பாட்டு இல்லாமல் மகனை உள்ளே அனுப்பமாட்டேன் என்று நின்றார். கருத்தைச் சொன்னால் இருபது வருடப் பெயர் போய்விடும் என்று தேவதாசனுக்குப் பயம். கடைசியில் மகளோடு இரகசியமாக ஒரு உடன்பாடு: பியானோ மட்டும் போகும். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் மேடைக்குப் போய்விட வேண்டும்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது, வீடியோக்காரர் கணேசலிங்கம் குறுக்கே வரும்வரை. நம்மவர் கலியாணங்களில் குருவானவருக்கு அடுத்த அதிகாரம் வீடியோக்காரருக்கு. நடு மண்டபத்தில் சோடியை மறித்து, முக்காட்டைச் சரிசெய்து, சிரிக்கச் சொன்னார். அதற்குள் அவன் பாடத் தொடங்கிவிட்டான்.

தேவதாசன் சத்தத்தைப் பட்டென்று நிறுத்தினார்.

ராசியான பாட்டு பாதியில் நின்றால் என்ன கருத்தென்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பிலோமினம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டார். முன்வரிசையில் தேவதாசனின் மனைவி மாக்கிரட், கட்டிய புருசனை முறைத்தபடி சிலுவை போட்டாள்.

ஜெனாட் மாமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"போடுங்கோ அப்பா. போகட்டும் அவன்."

அவன் போனான். மனுசியைக் கைவிட்ட கதையை அவன் முழுக்கப் பாட, ஜெனாட் புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைவரை நடந்தாள். பாட்டின் நடுவில் சனம் கைதட்டியது.

வருகிற சனிக்கிழமை கணேசலிங்கத்தின் மகளுக்குக் கலியாணம். அதே பாட்டுத்தான் வேண்டுமென்று சொல்லியிருக்கிறார்.